கையொப்பமிடும் முன்

(உடுமலைப்பேட்டை வட்டார வள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரத்த வங்கியில் 18 வயது நிரம்பாதவரிடம் இரத்தம் பெறுவதில்லை. ஆனால், மருத்துவ ஆய்வுக்காகக் குழந்தைகளிடம் இரத்த மாதிரி எடுக்கப்படுவதுண்டு. குழந்தைகளின் நோய்களை அறிய அத்தகைய ஆய்வுகள் தேவையே. அதற்கு ஒப்புதல் தருபவர் யார் என்பதைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. அமெரிக்காவின் 'பாத்' நிறுவனம் இதை நடத்தியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பங்கேற்றது. ஏழு சிறுமியர் இறந்ததை அடுத்து 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால், ஒப்புதல் பெற்ற முறையில் பெருங்குறைகள் வெளிப்பட்டன.

2013இல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின்படி, ஆந்திராவில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தனர். 1,948இல் கைநாட்டு மட்டுமே இருந்தது. பெற்றோருக்குப் பதிலாகத் தலைமையாசிரியர்கள் ஒப்பமிடலாம் என்று அரசே அறிவுறுத்தியிருந்தது. அவர்களும் நம்மைப் போன்றவர்களே. மேலிடத்து உத்தரவை நிறைவேற்றினார்கள்.

குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி போன்ற மலைக்குடியிருப்புகளின் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கும்போது, பெற்றோரைத் தேடிச் செல்வது எளிதன்று. "சார், நீங்களே போட்டுடுங்க" என்று வருபவர் சொல்லக்கூடும். பள்ளியின் அனுமதி வேறு, பெற்றோரின் ஒப்புதல் வேறு என்று நாம் பணிவாகச் சொல்ல வேண்டும்.

மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பெற்றோர் ஒப்புதலுடன் 7 முதல் 12 வயதுக் குழந்தையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வரை எழுத்து மூலமான இசைவும் வேண்டும்.

ஆகவே, வருபவரிடம் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். பெற்றோருக்கான விளக்கத்தாள் எளிய தமிழில் உள்ளதா, மாதிரி எதற்குப் பயன்படும், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், பாதிப்பு வந்தால் யாரை அழைப்பது என்று பாருங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு, சார்பற்ற ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "வேண்டாம்" என்ற பிள்ளையை வகுப்பில் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசின் வழக்கமான தடுப்பூசித் திட்டங்களை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றிற்கு நம் முழு ஒத்துழைப்பு தேவை.