காலங் கடந்த முறையீடு

(ஓசூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப்பாடஞ் சொல்லும் யான் சட்டத்தைப் பற்றிப் பேசப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகலாம். என் பிழையொன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ளுதற்கே ஈண்டு நிற்கின்றேன்.

நம்மவரொருவர் பட்டாளத்திற் பணிபுரிந்து, முழங்கால் நோயுற்று, மருத்துவக் குழுவினரால் விலக்கப்பட்டு ஊர் திரும்பினார். ஊன ஓய்வூதியம் வேண்டி விண்ணப்பித்தார். அந்நோய் படைப்பணியால் உண்டாயதுமன்று, அதனால் மிகுந்ததுமன்று என மறுமொழி வந்தது. ஆங்கிலத்திலிருந்த அவ்வாணையைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஓசூர்ச் சிப்காட்டில் ஓர் ஆலையின் வாயிற்காவலரானார். ஆண்டுகள் பல கழிந்தபின் அதனை என்னிடங் கொணர்ந்தார். கெடு கடந்தமை கண்டு, "இனிச் செய்தற்கு ஒன்றுமில்லை, ஐயா" என்றேன். கற்றவன் சொல்லென நம்பி, அவர் தாளை மடித்துக்கொண்டு போயினார். அச்சொல் பிழையாயிற்று.

எங்ஙனமெனின், கூறுவல். தர்சேம் சிங் என்னும் படைவீரர் 1983ஆம் ஆண்டில் உடற்குறையால் விலக்கப்பட்டார். ஊன ஓய்வூதியம் வேண்டி அவர் உயர்நீதிமன்றத்தை அணுகியது 1999ஆம் ஆண்டில். இடையிற் கழிந்தவை 16 ஆண்டுகள். 2008ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அவ்வழக்கில் ஒரு நெறியை விளக்கிற்று. ஓய்வூதியம் திங்கள்தோறும் உரியதாகலின், அதனை மறுத்தலும் திங்கள்தோறும் தொடருந் தவறாம். ஆதலின் காலத்தாழ்வொன்றே உரிமையை அழியாது. ஆயினும், நிலுவைத்தொகை மனுவிற்கு முந்திய மூன்றாண்டளவில் நிற்கும் என்றது. இதன் பொருளை நம் தாய்மார் நன்கு உணர்தல் வேண்டும். உரிமை பிழைத்திருப்பினும், வாளா இருக்கும் ஒவ்வொரு திங்களும் அடுப்பிற்குரிய பொருள் கைநழுவக் கூடும்.

நிற்க, செய்யவேண்டுவன யாவை? மறுப்பாணையில் மேன்முறையீட்டிற்குக் குறித்த அதிகாரிக்கு, தாமதத்தின் காரணத்தையும் எழுதி முறையிடல் வேண்டும். அவர் மறுப்பின் ஆறு திங்களுள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆறு திங்களாகியும் விடை வாராவிடினும் அணுகலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டம், தக்க காரணங் காட்டின் கெடு கடந்த மனுவையும் ஏற்க அத்தீர்ப்பாயத்திற்கு அதிகாரந் தந்துளது. ஓசூரில் வாழ்வோர்க்குச் சென்னை அமர்வு. ஜூஜூவாடியைக் கடந்து கருநாடகத்திற் குடியேறினோர்க்குக் கொச்சி அமர்வு. எல்லைப்புறத்து மக்களாகிய நாம் இதனை மறத்தலாகாது.

காரணம் எழுதுங்கால் மெய்யே எழுதுக. தாமதத்தின் நீளத்தினும் விளக்கத்தின் தகுதியே நோக்கற்பாலது என்று, 883 நாள் தாழ்ந்த தமிழ்நாட்டு வழக்கொன்றில், 1998ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் மொழிந்தது. ஆணையின் மொழி விளங்காமை, நோய், வறுமை, பிறர் கூறிய தவறான அறிவுரை ஆகியவற்றை நாணாது எழுதுக. என் பெயரையும் எழுதுமாறு அன்பரிடங் கூறினேன்.

இன்னுமொன்று. 1982ஆம் ஆண்டு விதிகட்குட்பட்டோர், படையிற் சேருங்கால் நோய்க்குறிப்பு இல்லாதிருந்தால், பின்வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ளற்பாலது என 2013ஆம் ஆண்டில் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. விதிகள் பின்னர் மாறினமையால், தாம் விலகிய ஆண்டின் விதியை ஒவ்வொருவரும் நோக்குக.

வழக்கறிஞர்க்குப் பொருளில்லையே என வருந்தற்க. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகளும் பெண்டிரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம்.

அன்பரின் முறையீடு இப்பொழுது அனுப்பப்பட்டுளது. முடிவு இன்னும் வந்திலது. வென்றாலும் தோற்றாலும், கேளாமலே இழந்தார் என்னும் பழி இனி அவர்க்கும் எனக்கும் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அத்தகைய தாளொன்று கிடக்குமாயின், இன்றிரவே எடுத்துப் பார்மின். படிக்க இயலாவிடின் என்னிடங் கொணர்மின். இம்முறை விரைந்து விடைகூறேன், ஆராய்ந்தே கூறுவேன்.