முடங்கியதும் முடக்கியதும்: கணினிச் செயலியின் குறுக்கீட்டு நோயைக் கண்டறிதல்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினியைப் பற்றியது. ஆயினும் ஓர் இலக்கணப் பாடத்தோடு தொடங்க விரும்புகிறோம். திருந்தினான் என்பது தன்வினை. திருத்தினான் என்பது பிறவினை. அடங்கியது, அடக்கியது, முடங்கியது, முடக்கியது. மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது, உடனே செயலின் பொறுப்பு வேறொருவரிடம் சென்றுவிடுகிறது. 'முடங்கியது எது?' என்னும் வினாவிலிருந்து 'முடக்கியது எது?' என்னும் வினாவுக்குச் செல்வதே நோய் கண்டறிதல். இவ்வுரை சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் தேக்காவில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். அவர் மாலை தொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் வந்து விலை கேட்கிறார். அம்மையார் கையிலுள்ள பூவை முடிச்சிட்டு, நாரைக் கீழே வைத்து, விடை சொல்லி, மீண்டும் நாரை எடுத்து விட்ட இடத்தைத் தேடித் தொடர்கிறார். இதற்குக் குறுக்கீடு என்று பெயர். விடை சொல்வதற்கு மட்டுமன்று, வைப்பதற்கும் எடுப்பதற்கும் காலம் செலவாகிறது. ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் வந்தால் மாலை வளரும். நொடிக்கு நொடி ஒருவர் வந்தால் என்னாகும்? அம்மையார் ஒரு கணமும் ஓய்ந்திருக்க மாட்டார். ஆனால் மாலையில் ஒரு பூவும் கூடாது.

கணினியின் செயலியும் இவ்வாறே பணியாற்றுகிறது. விசைப்பலகை, வட்டு, வலையமைப்பு அட்டை முதலிய கருவிகள் தமக்குக் கவனிப்புத் தேவைப்படும்போது செயலிக்குக் குறுக்கீட்டுச் சமிக்ஞை அனுப்புகின்றன. செயலி தன் பணியை நிறுத்தி, நிலையைக் குறித்துவைத்துவிட்டு, இயங்குதளத்தின் கெர்னல் எனப்படும் உட்கருவிலுள்ள உரிய நிரலை இயக்குகிறது. பிறகு பழைய பணிக்குத் திரும்புகிறது. எந்தக் கருவிக்கு எப்போது தேவை எழும் என்று முன்கூட்டியே அறிய இயலாத சூழலில் இது சிறந்த ஏற்பாடு. குறுக்கீடுகள் அளவு கடந்து பெருகும்போதோ அதுவே நோயாகிறது.

இந்நோயைக் கவனிக்க லினக்ஸ் உட்கருவில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. செயலியின் ஒவ்வோர் உள்ளகத்திலும் ஒரு கடிகாரக் குறுக்கீடு, இயல்பான அமைப்பில், 4 நொடிக்கு ஒருமுறை ஒரு காவல் நிரலை எழுப்புகிறது. அந்நிரலுக்கு ஏறத்தாழ 20 நொடி இயங்க வாய்ப்பே கிடைக்காவிட்டால் அதனை மென்முடக்கம் என்று உட்கரு அறிவிக்கிறது. கடிகாரக் குறுக்கீடே 10 நொடி அளவுக்கு உள்ளே நுழைய முடியாவிட்டால் அது வன்முடக்கம். அதனைக் கண்டுபிடிக்க, எந்த நிரலாலும் தடுக்கவொண்ணாத தனிவகைக் குறுக்கீடு ஒன்று பயன்படுகிறது.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. மென்முடக்க அறிக்கையில் ஒரு நிரலின் பெயர் இருக்கும். அறிக்கை எழுதப்பட்ட வேளையில் அந்த உள்ளகத்தில் இருந்த நிரல் அது. சுழலில் சிக்கிய நிரலே செயலியைப் பிடித்து வைத்திருந்தது என்றால் அப்பெயர் சரியான துப்பாகும். குறுக்கீட்டு வெள்ளத்தால் விளைந்த முடக்கத்திலோ அப்பெயர் பெரும்பாலும் ஒரு நிரபராதியின் பெயர். பூக்கடையில் பாதியில் நிற்கும் மாலையைப் பார்த்து, 'இந்த மாலைதான் வேலையைக் கெடுத்தது' என்று சொல்வதற்கு ஒப்பானது அது. அப்பெயரை நம்பி அந்நிரலை நாள்கணக்கில் ஆராய்வோர் உண்டு. அதில் பிழை இராது. ஆகவே பிழை கிடைக்காது. நோயோ மறுநாளும் வரும், வேறொரு பெயரோடு.

பாதிக்கப்பட்டதன் பெயரைக் கொண்டு பாதித்ததைத் தேட இயலாது என்பதற்கு நம் சிங்கப்பூரிலேயே தக்க சான்று உண்டு. லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்குப் பாதையில் ஒரு நிலையம் சென்றால் டோபி காட். அங்கிருந்து புறப்படும் வட்டப் பாதையை நீங்கள் அறிவீர்கள். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியிலும் மீண்டும் நவம்பர் தொடக்கத்திலும் அப்பாதையில் ஓட்டுநரில்லா ரயில்கள் காரணம் புலப்படாமல் அவசர பிரேக்கிட்டு நின்றன. கட்டுப்பாட்டுச் சமிக்ஞை அறுபட்டால் ரயில் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். ஒரு ரயிலில் மட்டும் அது நிகழவில்லை; ஓர் இடத்தில் மட்டும் நிகழவில்லை. ஆயிரக்கணக்கான பயணிகள் அல்லலுற்றனர்.

நவம்பர் 5-ஆம் நாள் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு அறிவியலாளர்கள் நின்ற ரயில்களின் பட்டியலைப் பெற்றனர். எந்த ரயில் நின்றது என்பதைக் காட்டிலும், எப்போது, எங்கே, எத்திசையில் நின்றது என்பதை அவர்கள் கவனித்தனர். ஓர் அச்சில் நேரத்தையும் மற்றோர் அச்சில் நிலையங்களையும் வைத்து வரைந்தபோது, நிகழ்வுகள் சாய்கோடுகளாக அமைந்தன. இடையூறு ஒரு ரயிலின் வேகத்தில், நின்ற ரயில்களுக்கு எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. அப்படியாயின் எதிரே சென்ற ரயில் ஒன்று, தான் கடந்த ரயில்களையெல்லாம் நிறுத்திக்கொண்டு போயிருக்க வேண்டும். பதிவிலிருந்த 259 நிகழ்வுகளில் 189 நிகழ்வுகள், அதாவது 73 விழுக்காடு, இக்கருதுகோளுக்குப் பொருந்தின. பழைய காணொளிப் பதிவுகள் பிவி46 என்னும் ரயிலைச் சுட்டின. மறுநாள் அதனை ஓட்டிப் பார்த்தபோது ஐயம் உறுதியாயிற்று. அதன் சமிக்ஞைக் கருவி பழுதுற்றுப் பிழையான சமிக்ஞைகளை வெளியிட்டது.

ரயிலுக்கு நேர்ந்த அலைவரிசை இடையூறு வேறு, செயலிக்கு நேரும் குறுக்கீடு வேறு என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. ஆனால் கண்டறிந்த வழி ஒன்றே. முடங்கியவற்றின் பட்டியலை வைத்துக்கொண்டு, பட்டியலில் முகம் காட்டாத முடக்கியதைத் தேடினார்கள்.

செயலியில் அத்தேடலை மூன்று படிகளாகச் செய்யலாம்.

முதற்படி, காலம் எங்கே செலவாகிறது என்று அறிதல். லினக்ஸில் டாப் என்னும் கட்டளை, செயலியின் நேரத்தில் எத்தனை விழுக்காடு பயனர் நிரல்களுக்கும், எத்தனை விழுக்காடு குறுக்கீடுகளுக்கும் செல்கிறது என்று காட்டும். நலமுள்ள கணினியில் குறுக்கீட்டின் பங்கு மிகச் சிறிது. ஒரே உள்ளகத்தில் அது ஓங்கி நின்றால் நோயின் இனம் தெரிந்துவிட்டது.

இரண்டாம் படி, யார் குறுக்கிடுகிறார் என்று எண்ணுதல். ப்ராக் என்னும் கோப்பகத்தில் இன்டரப்ட்ஸ் என்னும் கோப்பு உள்ளது. எந்தக் கருவி எந்த உள்ளகத்துக்கு எத்தனை குறுக்கீடு அனுப்பியது என்பது அதில் இருக்கும். அங்கே மிகப் பெரிய எண்ணைக் கண்டவுடன் அதுவே குற்றவாளி என்று முடிவு செய்வது தவறு. அவை கணினி தொடங்கிய நாள்முதல் சேர்ந்த எண்கள். பல மாதம் ஒழுங்காக உழைத்த கருவிக்கும் பெரிய எண் இருக்கும். பத்து நொடி இடைவெளியில் இருமுறை படித்து, வேறுபாட்டைக் காண வேண்டும். வளர்ச்சியே சான்று, மொத்தம் சான்றன்று.

மூன்றாம் படி, சோதித்து உறுதிசெய்தல். ஐயத்துக்குரிய கருவியின் இயக்கியை நிறுத்துங்கள். அல்லது அதன் குறுக்கீட்டை வேறோர் உள்ளகத்துக்குத் திருப்புங்கள். முடக்கம் நின்றாலோ, கூடவே இடம் மாறினாலோ, ஐயம் முடிவாகிறது. பிவி46-ஐ ஓட்டிப் பார்த்தது போன்றதே இது.

ஆனால் முடங்கிய செயலியில் இக்கட்டளைகளை இயக்கவே நேரம் கிடைக்காமற் போகலாம். ஆகவேதான் 2024-ஆம் ஆண்டில் லினக்ஸ் உட்கருவிலேயே ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. குறுக்கீடுகள் செயலி நேரத்தில் பாதிக்கு மேல் விழுங்கினால், காவல் ஏற்பாடே அவற்றை எண்ணத் தொடங்கி, மென்முடக்க அறிக்கையில் மிகுதியாகக் குறுக்கிட்டவற்றைப் பட்டியலிடும். முடங்கியதன் பெயருக்கு அருகே முடக்கியதன் எண்ணும் அச்சாகிறது.

நோய்முதல் தெரிந்தபின் மருந்து காரணத்தைப் பொறுத்தது. சில வேளை கருவி கேட்டதற்கு இயக்கி உரிய ஒப்புதல் தருவதில்லை. கருவி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்த இயக்கியும் உரிமை கோராத குறுக்கீடும் உண்டு. 100,000 குறுக்கீடுகளில் 99,900-க்கு மேல் எவரும் ஏற்காதவையாக இருந்தால், 'எவரும் பொருட்படுத்தவில்லை' என்னும் பொருள்பட எழுதிவிட்டு, லினக்ஸ் அத்தடத்தையே அடைத்துவிடுகிறது.

கருவியிலும் இயக்கியிலும் பிழையே இல்லாமலும் இந்நோய் வரலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற கே. கே. இராமகிருஷ்ணனும் ஜெஃப்ரி மொகுலும் 1996-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதனை விளக்கியது. நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் தடத்தில் நொடிக்கு 14,880 சிறு தரவுப் பொதிகள் வரை வரலாம். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு குறுக்கீடு என்றால், ஓர் எல்லைக்கு மேல் வரவு கூடக் கூட, முடிந்த பணி குறைந்து, இறுதியில் சுழியம் ஆகும். செயலி முழு மூச்சாக உழைக்கும்; வெளியே ஒரு பொதியும் வராது. அவர்கள் சொன்ன தீர்வு எளியது: முதற் குறுக்கீடு வந்ததும் அக்கருவியின் குறுக்கீட்டை நிறுத்திவைத்து, செயலியே சென்று ஒரு வரம்புக்குட்பட்ட எண்ணிக்கையில் பொதிகளை எடுத்து முடித்தபின் மீண்டும் அனுமதிப்பது. இன்றைய லினக்ஸின் வலையமைப்புப் பகுதியும் இவ்வழியிலேயே நடக்கிறது. ஒரு சுற்றில் ஒரு கருவிக்கு வழக்கமான வரம்பு 64 பொதிகள். பூக்கடை அம்மையாரும் இதனைச் செய்யலாம். 'வரிசையில் நில்லுங்கள், இந்த முழம் முடிந்ததும் நானே அழைக்கிறேன்' என்றால் மாலையும் வளரும், வாடிக்கையாளரும் விடை பெறுவர்.

ஆசிரியப் பெருமக்களே, கணினிப் பாடத்தைத் தமிழில் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்போர் உண்டு. முடங்கு, முடக்கு என்னும் இரு வினைகளையும் அறிந்த மாணவர், அறிக்கையைக் கண்டவுடன் இரண்டாம் வினாவையும் கேட்கப் பழகியிருப்பார் என்பதே எம் விடை. மாணவச் செல்வங்களே, ஓர் அறிக்கையில் ஒரு பெயரைக் கண்டால் அது தன்வினையின் எழுவாயா, பிறவினையின் எழுவாயா என்று கேளுங்கள். எண்ணிப் பாருங்கள், இடைவெளி விட்டு மீண்டும் எண்ணுங்கள், சோதித்துப் பாருங்கள். அதற்குப் பின்னர்ப் பழி சொல்லுங்கள். அது கணினி நிரலாயினும் வகுப்பில் உடன் பயிலும் நண்பராயினும், நின்றுபோனதாலேயே எவரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.