எழுவாய் மறைப்பதை வேற்றுமை காட்டும்: தொல்கெல்திக்கின் 'தூத்' விகுதி



ஐரிஷ், வெல்ஷ் முதலிய மொழிகளுக்குத் தாயான தொல்கெல்திக்கில் எழுதப்பட்ட வரி ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை. கிளைமொழிகளை ஒப்பிட்டே அறிஞர் அதனை மீட்டுருவாக்கியுள்ளனர். அம்மொழியில் பண்பையும் நிலையையும் குறிக்கும் பெயர்களை ஆக்கிய 'தூத்' என்னும் விகுதியை இன்று ஆராய்வோம். நம் 'இளமை'யில் 'மை' செய்யும் பணியை அங்கே அது செய்தது.

'உயிருள்ள' எனப் பொருள்படும் 'பிவொ' என்னும் அடியோடு இவ்விகுதி சேர, 'வாழ்வு' என்னும் பெயர் பிறந்தது. எழுவாயில் அது 'பிவொதூத்ஸ்'. ஆறாம் வேற்றுமையில் 'பிவொதூதொஸ்'. ஈறுகள் தேய்ந்தபின், பழைய ஐரிஷில் இவை முறையே 'பெது', 'பெதத்' என்றாயின. எழுவாயில் விகுதியின் இறுதித் தகரம் ஸகரத்தோடு கலந்து மறைந்தது. ஆறாம் வேற்றுமையிலோ, பின்னே உயிரொலி நின்றமையால் மெலிந்தேனும் பிழைத்தது. 'பெது'வை மட்டும் மனனம் செய்தவர் விகுதியின் முழு வடிவை அறியார்.

இதன் தோற்றம் இன்னும் பழையது. இலத்தீனில் இளமையைக் குறிக்கும் 'யுவெந்தூஸ்', ஆறாம் வேற்றுமையில் 'யுவெந்தூதிஸ்' ஆகும். அதே பொருளுடைய பழைய ஐரிஷ்ச் சொல் 'ஓய்தியு', 'ஓய்தெத்' எனத் திரியும். அடி, விகுதி, பொருள், வேற்றுமைத் திரிபு ஆகிய நான்கும் ஒருங்கே பொருந்துவதால், இவ்விகுதி தொல் இந்தோ ஐரோப்பிய மொழியிலேயே இருந்தது எனத் துணிகிறோம்.

'விஸ்கி' என்பதும் 'வாழ்வின் நீர்' எனப் பொருள்படும் கேலிக் தொடரின் சிதைவே. அத்தொடரில் 'வாழ்வு' உதிர்ந்தது. 'நீர்' மட்டும் எஞ்சியது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'மரம்' என்பது 'மரத்தை' என வருவதைக் கண்டு, கெல்திக்கின் தகரமும் நம் 'அத்து'வும் ஒன்றே எனச் சொல்லத் தோன்றலாம். மாணவப் பருவத்தில் நாமும் அத்தகைய ஒப்புமைப் பட்டியலொன்றைப் பெருமிதத்துடன் தொகுத்தோம். பின்னர் நாமே கிழித்தெறிந்தோம். கெல்திக்கில் அத்தகரம் விகுதியின் உறுப்பு. தமிழிலோ 'அத்து' இடையில் வந்து சேரும் சாரியை. ஒலி ஒத்தாலும் இலக்கணப் பணி வேறு. முறையான ஒலித் தொடர்பும் இல்லை.

தமிழின் தொன்மைக்குப் பொய்ச்சான்று தேவையில்லை. வகுப்பறையில் ஒரு மாணவர் இரு சொற்களை ஒப்பிட்டுக் காட்டினால், அவர் ஆர்வத்தைப் பாராட்டுவோம், அடுத்து, "இவற்றின் வேற்றுமை வடிவங்கள் யாவை?" என்று கேட்போம். ஆராய்ச்சி அவ்வினாவில்தான் தொடங்குகிறது.