தாத்தாவின் ட்ரங்குப் பெட்டி எந்த வருஷத்தது?
(ஸ்ரீ விஜயபுரத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். ஒரு பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

கும்பகோணத்திலிருந்து தாத்தா இந்தத் தீவுக்கு எப்போது வந்தார் என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி. யுத்தத்துக்கு முன்பே என்பார் அத்தை. சுதந்திரத்துக்குப் பிறகுதான் என்பார் சித்தப்பா. நம் தீவில் '42-க்கு முன் வந்தவர்கள்' என்று தனியாகவே சொல்வது உங்களுக்குத் தெரியும். ஆகவே இது வெறும் வீட்டு வாக்குவாதம் இல்லை. ஜப்பானியர் காலத்துப் பதிவேடுகளோ பெரும்பாலும் அழிந்துவிட்டன. மிஞ்சியது பரணில் கிடந்த இரும்பு ட்ரங்கு ஒன்றுதான்.

சித்தப்பாவுக்கு ஆதாரம், மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த பத்திரிகைத் தாள். அதில் ஒரு சோப்பு விளம்பரம். விலை நயா பைசாவில் இருக்கிறது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ல். 'நயா' என்ற சொல்லை எடுத்தது 1964-ல். அதற்குள் அச்சான தாள்தான், சந்தேகமில்லை. ஆனால் தாள் ஒட்டிய தேதி பெட்டியின் தேதி ஆகுமா? துருப் பிடிக்காமல் இருக்கப் பாட்டிமார்கள் தாளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பூட்டும் அப்படித்தான், எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

வெளிப்புறம் வேறு கதை சொல்கிறது. பக்கவாட்டில் பாதி கிழிந்த ரயில்வே லேபிள். எஸ்.ஐ.ஆர்., கும்பகோணம், எழும்பூர் என்று படிக்க முடிகிறது. எழும்பூர் ஸ்டேஷன் திறந்தது 1908-ல். சௌத் இந்தியன் ரயில்வே மற்ற கம்பெனிகளோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது 1951 ஏப்ரலில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். இது இரண்டு கட்சிக்கும் பொருந்தும்!

மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் இங்கிலீஷ் எழுத்துகள்: தாத்தாவின் இனிஷியல், கீழே 'ராஸ், போர்ட் பிளேர்'. இரண்டும் ஒரே கை, ஒரே பெயிண்ட். ராஸ் தீவு, அதாவது 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, 1858-லிருந்து நிர்வாகத்தின் தலைமையிடம். 1941 ஜூனில் பூகம்பம் வந்து கட்டடங்கள் சேதமாயின. 1942 மார்ச் 23-ல் ஜப்பானியர் இறங்கினார்கள். 1945 அக்டோபரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தும், ராஸ் பழையபடி தலைமையிடம் ஆகவே இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு உத்தியோகத்துக்கு வந்தவர் தம் பெட்டியில் ராஸ் என்று முகவரி எழுத மாட்டார். ஆக, 1908-க்குப் பின், 1942-க்கு முன். அத்தை கட்சிக்கு ஜெயம்.

ஆனால் பெட்டி வந்த காலம்தான் இது. தாத்தா அன்றிலிருந்து இங்கேயே இருந்தாரா, நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பினாரா என்று பெட்டி சொல்லாது. சித்தப்பா இப்போது அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

என் மருமான் அந்தப் பெட்டியைத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்து ஹாலில் டீப்பாயாகப் போட வேண்டும் என்றான். நல்ல வேளை, தேய்க்கவில்லை. உங்கள் அகத்திலும் இப்படி ஒன்று இருந்தால் உப்புத்தாளை எடுக்கும் முன் டார்ச் அடித்து நாலு பக்கமும் பாருங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். லேபிளில் ஈரத்துணி படக் கூடாது.

வெளியூர் அங்கத்தினர்களிடம், முக்கியமாகக் கும்பகோணம்காரர்களிடம், ஒரு வேண்டுகோள். பழைய கடிதக்கட்டில் ராஸிலிருந்து எழுதிய கார்டு ஏதாவது கிடைத்தால் சங்கத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.