பழைய பிளாக்கும் புதிய வேகமும்



சென்னைப் புதுப்பேட்டையில் பழைய மோட்டார் உறுப்புக்களைத் தேடி அலைந்தவர்களுக்குக் கல்கத்தாவின் மல்லிக் பஜாரும் தில்லியின் மாயாபுரியும் அன்னிய இடங்களாகத் தோன்றமாட்டா. அங்கே எண்ணெய்க் கறையுடன் கிடக்கும் அம்பாஸடர் பிளாக்கு ஒன்றை வாங்கி, குறைந்த செலவில் முன்னிலும் விரைந்து ஓடும் யந்திரம் அமைக்க விழையும் இளைஞர்கள் நம்மவரிடையே பலர் உண்டு. அவர்களுக்காகவே இன்று பேசுகிறேன்.

உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டோடு அம்பாஸடர் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் அதன் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் யந்திரத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. 1955இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் விரைவுக் காரில், இரண்டு கார்புரேட்டர்களுடன் ஓடியதும் இதே குடும்பத்து யந்திரமே. வார்ப்பிரும்பாலான பிளாக்கு, மூன்று மெயின் பேரிங்குகள், 73 மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த சிலிண்டர் விட்டம். அமைப்பு மிக எளியது.

நான் முதன்முதலில் இத்தகைய பிளாக்கை வாங்கியபோது, ஆர்வ மிகுதியால் அன்று மாலையே 20 அளவு பிஸ்டன்களையும் வாங்கிவிட்டேன். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரியவை என்பது அதன் பொருள். லேத்துப் பட்டறையில் இருந்தவர் கோயம்புத்தூர்க்காரர். "பிஸ்டனை ஏன் தம்பி முதலில் வாங்கினீர்கள்? பிளாக்கை யார் அளந்தது?" என்று கேட்டார். அளந்து பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் 40 அளவுக்குக் குறைந்து தேறாது எனத் தெரிந்தது. கடைக்காரர் பிஸ்டன்களைத் திரும்பப் பெற மறுத்தார். என் சம்பளத்தில் பாதி, நான்கு பிஸ்டன்களாகக் காகிதத்தில் சுற்றிக் கிடந்தது.

ஆகவே, முதற்பணி துப்புரவே. பிளாக்கின் பக்கங்களிலுள்ள வட்டத் தகட்டு மூடிகளைக் கழற்றினால், நீர் ஓடும் அறையில் ஆண்டுக்கணக்கில் படிந்த துருவும் சேறும் வெளிப்படும். கடைசிச் சிலிண்டரின் அடியில் அது கெட்டியாக இறுகியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதை அகற்றாவிடில், பின்னர் யந்திரம் ஏன் சூடேறுகின்றது என்று ரேடியேட்டரைப் பழிக்க நேரும். எண்ணெய் வழிகளின் முனைகளிலுள்ள அடைப்புக்களையும் கழற்றி, நீண்ட தூரிகையால் தேய்த்தல் வேண்டும்.

அடுத்தது விரிசல் சோதனை. காந்தப் பொடி கொண்டு சோதிக்கும் பட்டறை அருகில் இல்லையெனில் பழைய முறை ஒன்று உண்டு. மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துச் சுண்ணக்கட்டித் தூளைப் பூசுக. விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெண்மையில் கறுத்த கோடாகத் தெரியும். போல்ட்டுத் துளைகளுக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட பகுதியை இருமுறை பாருங்கள். அங்கே கோடு தெரிந்தால் அந்தப் பிளாக்கை விட்டுவிடுவதே சிக்கனம்.

இனி அளவு. சிலிண்டரின் மேற்பகுதியில், பிஸ்டன் ரிங்கு திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் மிகுதி. மேல், நடு, கீழ் என மூன்றிடங்களில், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்து எழுதிக்கொள்க. மிகத் தேய்ந்த சிலிண்டரே நான்குக்கும் அளவை முடிவு செய்கின்றது. பெரிதாகக் குடைந்தால் வேகம் பெருகும் என்பது பரவலான மயக்கம். 40 அளவுக்குக் குடைந்தாலும் 1489 என்பது 1531தான் ஆகும். நூற்றுக்கு மூன்று பங்குகூட ஏறவில்லை. சுவரோ மெலிந்துவிடுகின்றது. வேகத்தைச் சிலிண்டர் ஹெட்டிலும் கார்புரேட்டரிலும் தேடுக. பிளாக்கு நேராக இருந்தால் போதும். 20 அளவில் தேறும் பிளாக்கை 40 அளவுக்குக் கொண்டு செல்வது, அடுத்த முறைக்கான இரும்பை இன்றே வீணாக்குவதாகும்.

பிஸ்டன் கைக்கு வந்தபின், அதை அளந்து அதற்கேற்பவே குடையச் சொல்லுங்கள். கடைசி இரண்டு மூன்று ஆயிரத்தொரு பங்கை ஹோனிங் கல்லுக்கு விட்டுவைப்பது அவசியம். குடையும் கருவி பிளாக்கின் மேற்பரப்பில் அமர்வதாயின், அம்மேற்பரப்பு கோணலாயிருந்தால் சிலிண்டரும் கோணலாகும். இதைப் பட்டறைக்காரரிடம் கேட்கக் கூச்சம் வேண்டா. மெயின் பேரிங்கு மூடிகளை இடம் மாற்றாமல், கழற்றுமுன்னரே அடையாளமிட்டு வையுங்கள். பேரிங்கை இறுக்குவதற்காக அவற்றை அரத்தால் தேய்த்துக் குறைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அத்தகைய பிளாக்கில் கிராங்க் ஷாப்டு கையால் இலகுவாகச் சுழலாது.

ஹோனிங் முடிந்தவுடன் சிலர் மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டுப் பொருத்தத் தொடங்குகின்றனர். கல்லின் நுண்ணிய தூள் அதனால் முழுதும் நீங்குவதில்லை; எஞ்சியது புதிய ரிங்குகளைச் சில நாட்களிலேயே அரித்துவிடும். சூடான சோப்புநீரும் தூரிகையுமே தக்கவை. வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மீண்டும் கழுவுங்கள். ஐந்தாறு முறையும் ஆகலாம். துணி வெள்ளையாகவே வந்தபின், நீரை உலர்த்திய கையோடு எண்ணெய் தடவுங்கள். புதிதாகக் குடைந்த இரும்பு சில நிமிடங்களிலேயே துருவேறத் தொடங்கும். பின் பிளாக்கைப் பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்துவிட்டு, மற்ற உறுப்புக்களை வாங்கப் பஜாருக்குப் புறப்படலாம்.