ஒரே கூரையின் கீழ்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு கரும்பலகையும் இரண்டு கோரைப் பாய்களும் கொண்டு, இரவல் திண்ணையில் தொடங்கிய நம் இரவுப் பள்ளி இன்று வெள்ளி விழாக் காண்கிறது. அன்று அத்திண்ணையில் அமர்ந்த பிள்ளைகளை எக்கோயிலுக்குச் செல்பவர்கள் என்று நாம் கேட்டதில்லை. ஆனால் அண்மைக் காலமாக ஒரு பேச்சு நம் காதில் விழுகிறது. அவரவர் சபைக்கு அவரவர் படிப்பகம் வேண்டும் என்பதே அப்பேச்சு. இதற்கு விடை தேடுமுன், தொலைவில் உள்ள ஒரு சிறு நகரத்தின் ஆலய வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் பவுட்சன் என்றொரு நகரம் உண்டு. மக்கள்தொகை ஏறத்தாழ 40,000. அந்நகரின் நடுவே புனித பேதுரு பேராலயம் நிற்கிறது. லுத்தரின் சீர்திருத்தம் பரவியபோது நகர மக்களில் பெரும்பாலோர் அதன் பக்கம் சாய்ந்தனர். 1524 முதல் அவ்வாலயத்தில் புதிய போதனை ஒலிக்கலாயிற்று. ஆயினும் ஆலயத்தைச் சார்ந்த குருக்கள் மன்றம் கத்தோலிக்கமாகவே நீடித்தது. அந்நாட்டின் அரசுரிமை பெற்றிருந்த பொகிமிய மன்னரும் கத்தோலிக்கரே. நகர மன்றத்தாரால் குருக்களை வெளியேற்ற இயலவில்லை. குருக்களால் நகர மக்களை வெளியேற்ற இயலவில்லை.

இந்நிலையில் அவர்கள் கண்ட வழி யாது? பீடப்பகுதி கத்தோலிக்கருக்கு, நடுக்கூடம் லுத்தரன் சபையினருக்கு. எவர் எந்நேரத்தில் வழிபடுவது என்பதை ஒப்பந்தங்களால் வரையறுத்தனர். இரண்டிற்கும் இடையே ஒரு கிராதி எழுந்தது. 1559 இல் குருக்கள் மன்றத் தலைவரான யோகான் லைசன்ட்ரிட் என்பவர் கத்தோலிக்க நெறியில் உறுதியானவர். ஆயினும் மோதலை நாடாதவர். 1567 இல் அவர் வெளியிட்ட ஜெர்மன் ஞானப்பாட்டு நூலில் லுத்தரன் சபையாரின் பாடல்கள் பலவற்றையும் எடுத்தாண்டார். 1634 இல், முப்பதாண்டுப் போரின்போது, நகரத்தோடு ஆலயமும் தீக்கிரையாயிற்று. மீண்டும் எழுப்பியபோதும் அது பொது ஆலயமாகவே எழுந்தது. 1635 இல் அந்நாடு சாக்சனியின் லுத்தரன் ஆட்சியாளர் கைக்கு மாறிற்று. அப்பொழுதும் கத்தோலிக்க மன்றத்தின் உரிமைகள் எழுத்து மூலம் காக்கப்பட்டன.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அவ்விரு சாராரும் அன்பினால் கூடியவர்கள் அல்லர். வேறு வழியின்றிக் கூடியவர்கள். அவர்களைக் காத்தது இனிய சொல் அன்று. எழுதி வைத்த உரிமை. அவ்வுரிமையின் நிழலில் தலைமுறை தலைமுறையாக அருகருகே வாழ்ந்ததால் அச்சம் தணிந்தது. சுமார் 4 மீட்டர் உயரமிருந்த கிராதி 1952 இல் நீங்கி, இடுப்பளவே உள்ள தடுப்பு இன்று நிற்கிறது. நடுக்கூடத்தில் அமர்ந்தோர் பீடத்தைக் காண முடிகிறது.

அந்நகரில் இன்னொரு செய்தியும் உண்டு. சோர்பியர் என்னும் சிறுபான்மை மக்களுக்கு அது தலைமை இடம். தங்கள் மொழியில் அந்நகரை புடிஷின் என்று அவர்கள் அழைப்பர். அவர்களுள்ளும் கத்தோலிக்கர் உண்டு, லுத்தரன் சபையினரும் உண்டு. எனினும் 1847 இல் நூல் பதிப்பிக்கவும் கல்வி பரப்பவும் ஒரே சங்கம் கண்டனர். 1912 இல் டோமோவினா என்னும் பொது அமைப்பை ஏற்படுத்தினர். 1937 இல் நாஜி ஆட்சி அதை முடக்கியது. 1945 இல் அது மீண்டும் எழுந்தது. வழிபாட்டில் இரண்டாக நின்றோர் கல்வியில் ஒன்றாக நின்றனர். சிறிய மக்களினம் அழியாதிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

பவுட்சன் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அன்று. அதற்கு அருகில் உள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரில் 1682 இல் பிறந்தவரே சீகன்பால்கு ஐயர். 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, பள்ளிகள் நிறுவி, அச்சகம் கண்டவர் அவர். ஆனால், அவர் 1718 இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தில் நடந்தது என்ன? அங்கே கோட்பாடு ஒன்றே, சபையும் ஒன்றே. இருந்தும் சாதிவாரியாக இடம் பிரித்து அமரும் வழக்கம் அங்கும் வேரூன்றிற்று.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இது கட்டடமாகவே எழுந்தது. 1872 இல் அர்ச்சிக்கப்பட்ட கத்தோலிக்க ஆலயத்தில், பீடத்தில் இணையும் இரு தனிக் கூடங்கள் அமைத்தனர். ஒருபுறம் வேளாளர், மறுபுறம் நாடார் முதலான ஏனையோர், நடுவே சுவர். 1910 இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தோர் நீதிமன்றம் சென்றனர். சாதியின் பெயரால் ஆலயத்தில் தனியிடம் கோரும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் முடிவு கூறிற்று.

எண்ணிப் பாருங்கள்! கோட்பாட்டால் பகைத்தவர்கள் ஒரே கூரையைப் பங்கிட்டனர். ஒரே கோட்பாட்டினரோ சாதியால் கூரையையே பிளந்தனர். நாம் சிறுவராயிருந்தபோது கண்ட கல்லறைத் தோட்டத்திலும் ஒரு சுவர் இருந்தது. நம் பாட்டனார் உடல் எப்பக்கம் செல்ல வேண்டும் என்பதை அச்சுவரே தீர்மானித்தது. சுவரின் அப்பக்கத்தில் இடமில்லை என்று நம்மைத் தடுத்தோர், நாம் எச்சபையைச் சேர்ந்தவர் என்று கேட்டதில்லை. நம்மை ஒன்றாகவே ஒதுக்கியவர்கள் முன்னே, நாமே நம்மைப் பலவாகப் பிரித்துக்கொள்வது அறிவுடைமையா?

ஆகவே இளைஞர்களே, அவரவர் வழிபாட்டை விட்டுவிடுமாறு நாம் கூறவில்லை. கத்தோலிக்கராயிருங்கள், தென்னிந்தியத் திருச்சபையினராயிருங்கள், பெந்தெகொஸ்தே சபையினராயிருங்கள், அம்மன் கோயிலுக்கே செல்பவராயுமிருங்கள். ஆனால் படிப்பகம் ஒன்றாயிருக்கட்டும். ஐந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்து விளக்கு ஏற்றினால் எதிலும் எண்ணெய் போதாது. பவுட்சன் மக்கள் செய்தது போல, எவருக்கு எந்த மாலை, கணக்கு யார் பொறுப்பு, திறவுகோல் யாரிடம் என்பனவற்றை எழுத்தில் வையுங்கள். நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விடாதீர்கள். விதி தெளிவாயிருந்தால் நல்லெண்ணம் தானே வளரும்.

பொன்விழாக் கூட்டத்தில் நம்முள் பலர் இருக்க மாட்டோம். அன்று இதே கூடத்தில், எக்கோயிலுக்குச் செல்பவர் என்று ஒருவரையொருவர் கேளாத பிள்ளைகள் ஒரே பாயில் அமர்ந்து படிக்க வேண்டும். அதை உங்கள் கையில் ஒப்படைத்து விடைபெறுகிறோம்.