கடலும் காற்றும்



ஐம்பூதங்களுள் நீரையும் காற்றையும் தனித்தனியே எண்ணுவது மரபு. கடற்பரப்பிலோ இரண்டும் ஒன்றையொன்று இயக்குகின்றன. பெரு நாட்டுக் கடற்கரை இதற்குச் சான்று.

பசிபிக் பெருங்கடலில் வியாபாரக் காற்று வெதுநீரை மேற்கே தள்ளுகிறது. பெருவின் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் ஊட்டச்சத்துடன் மேலெழுகிறது; நெத்திலி இன மீன் பெருகுகிறது; அதையுண்டு கடற்பறவைகள் வாழ்கின்றன. சில ஆண்டுகளில் காற்றுத் தளர்கிறது. வெதுநீர் கிழக்கே திரும்புகிறது. மீனும் பறவையும் அருகுகின்றன. கிறிஸ்துமஸை ஒட்டி வரும் அவ்வெதுநீரோட்டத்தை அந்நாட்டு மீனவர் குழந்தை இயேசுவின் பெயரால் ‘எல் நினோ’ என்றனர்.

காற்றுத் தளர்ந்து கடல் வெதும்பிற்றா, கடல் வெதும்பிக் காற்றுத் தளர்ந்ததா? இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று 1969-இல் விளக்கினார் ஜேக்கப் பியர்க்னெஸ்.

தமிழ்நாட்டிற்கும் இஃது அயலன்று. 1876-இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. 1877-இல் வலிய எல் நினோ தோன்ற, இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரிதும் குன்றிற்று. தாது வருடப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களை உண்டது. அப்போதும் தானியம் கப்பலேறியது.

பின்னாளில் பருவமழையை முன்னறிய முயன்றவர் இந்திய வானிலைத்துறைத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர். பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடற்பக்கம் இறங்கும் துலாக்கோல் அசைவை 1920-களில் அவர் காட்டினார். எனினும் 1997-இன் பெரும் எல் நினோவில் இந்தியப் பருவமழை குன்றவில்லை. மழையின் விதியை ஒரு கடல் மட்டும் எழுதுவதில்லை.

கடலும் காற்றும் மழையை மறுக்கலாம். இருந்த சோற்றை மறுத்தவர் மனிதர். பஞ்சத்தைப் பாடும் கவிஞர் இவ்விரண்டையும் பாடுதல் வேண்டும்.